‘எனக்கு வராது’ என்று சொல்லும் குழந்தையும் அதற்குப் பள்ளி தரும் விடையும்

“எனக்குக் கணக்கு வராது.” படிப்பைப் பற்றிய பேச்சில் பெரியவர்களும் குழந்தைகளும் இவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டுக் கடந்துபோகும் வாக்கியம் வேறொன்று இருக்குமா என்பது சந்தேகம். அதன் அமைப்பைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அதில் எழுவாய் கணக்கு. வர வேண்டியதும் அதுதான், வர மறுப்பதும் அதுதான். சொல்பவர் செய்வதற்கென்று அந்த வாக்கியத்தில் எதுவுமே இல்லை. வராத ஒன்றுக்காக வாசலில் காத்திருந்து, பிறகு கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டவரின் பேச்சு அது.

பள்ளியில் புதிதாகச் சேரும் குழந்தை பெரும்பாலும் இப்படிப் பேசுவதில்லை. ஐந்து, ஆறு வயதில் குழந்தைகள் தம் திறமையைப் பற்றி மிகத் தாராளமான கணிப்புடன் இருக்கிறார்கள். கடினமாக உழைப்பவரே கெட்டிக்காரர் என்பது அந்த வயதின் கணக்கு. முயற்சியையும் திறமையையும் குழந்தைகள் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று 1970களில் ஆராய்ந்த ஜான் நிக்கோல்ஸ், சிறு குழந்தைகள் இவ்விரண்டையும் ஒன்றாகவே பார்ப்பதையும், பத்து, பதினொரு வயதை எட்டும்போது பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்வதையும் காட்டினார். பிரித்துப் பார்க்கத் தொடங்கியதும் ஒரு கசப்பான முடிவு கூடவே வந்து சேர்கிறது: இருவர் ஒரே மதிப்பெண் வாங்கினால், அதிகம் உழைத்து வாங்கியவருக்குத் திறமை குறைவு. அதற்குப் பிறகு முயல்வதே ஒரு குழந்தைக்கு ஆபத்தான காரியமாகிவிடுகிறது. முயன்று தோற்றால், திறமை இல்லை என்பது ஊரறிய உறுதியாகிவிடும். முயலாமல் தோற்றாலோ, ‘நான் படிக்கவில்லை, அவ்வளவுதான்’ என்று சொல்லிக்கொள்ளலாம். சோம்பேறித்தனம் என்று நாம் பெயரிட்டுத் திட்டுவதில் ஒரு பகுதி இத்தகைய தற்காப்புதான்.

இந்த மாற்றம் வயதின் வளர்ச்சியால் வருவது என்பதால் எந்தப் பள்ளியாலும் அதைத் தடுத்து நிறுத்த முடியாது. ஆனால் அந்த வயதைக் கடக்கும்போது குழந்தையின் கையில் தன்னைப் பற்றிய எந்தெந்தச் சான்றுகள் இருக்கின்றன என்பதைப் பள்ளியால் தீர்மானிக்க முடியும். அரவணைத்து வளர்க்கும் பள்ளி என்று நாம் சொல்வதன் பொருளை அங்கே தேட வேண்டும் என்பது என் கருத்து. கனிவான பேச்சும் வண்ணச் சுவர்களும் வேண்டியவைதான். ஆயினும் ‘என்னால் முடியும்’ என்ற எண்ணம் ஒரு குழந்தையிடம் ஊட்டப்படுவதில்லை. அது நாள்தோறும் சிறுகச் சிறுகச் சேரும் சான்றுகளிலிருந்து குழந்தை தானே எட்டும் முடிவு.

இந்த எண்ணத்துக்கு உளவியலில் தன்திறன் நம்பிக்கை என்று பெயர். கனடாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ஆல்பர்ட் பண்டூரா 1977இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இதற்கு ஒரு தெளிவான வடிவம் தந்தார். குறிப்பிட்ட ஒரு செயலைக் குறிப்பிட்ட சூழலில் தன்னால் செய்து முடிக்க இயலும் என்று ஒருவர் கொள்ளும் கணிப்பே தன்திறன் நம்பிக்கை. இதைத் தன்மதிப்போடு குழப்பிக்கொள்ளக் கூடாது. ‘நான் நல்லவன், என்னை எல்லோருக்கும் பிடிக்கும்’ என்று நினைக்கும் அதே குழந்தை, பின்னக் கணக்கைப் பார்த்ததும் பென்சிலைக் கீழே வைத்துவிடலாம். மேடையில் அஞ்சாமல் பேசும் சிறுமி, கட்டுரை எழுதச் சொன்னால் நடுங்கலாம். நம்பிக்கை பாடத்துக்குப் பாடம், பாடத்துக்குள்ளேயே பகுதிக்குப் பகுதி மாறுகிறது.

இந்த வேறுபாட்டைக் கவனிக்காததால் விளைந்த வீண் முயற்சிகள் உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1986இல் தன்மதிப்பை வளர்ப்பதற்கென்றே ஒரு பணிக்குழுவை அமைத்தது. குழந்தைகள் தம்மை உயர்வாக நினைத்தால் படிப்பும் ஒழுக்கமும் தாமாகவே உயரும் என்ற எதிர்பார்ப்பு அப்போது பரவலாக இருந்தது. பின்னர் ராய் பாமைஸ்டரும் அவருடைய சக ஆய்வாளர்களும் அதுவரை வந்திருந்த ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்து 2003இல் வெளியிட்ட முடிவு வேறுவிதமாக இருந்தது. தன்மதிப்புக்கும் மதிப்பெண்ணுக்கும் இடையே தொடர்பு உண்டு. ஆனால் தன்மதிப்பை உயர்த்துவதால் மட்டும் படிப்பு உயர்வதாகத் தெரியவில்லை. நன்றாகப் படிப்பது தன்னைப் பற்றிய எண்ணத்தை ஓரளவு உயர்த்துகிறது என்று கொள்வதே கூடுதல் பொருத்தமாக இருந்தது.

அப்படியானால் நம்பிக்கை எங்கிருந்து வருகிறது? பண்டூரா நான்கு ஊற்றுகளைச் சொன்னார். தானே செய்து வென்ற அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைக் காண்பது, தான் மதிக்கும் ஒருவரின் சொல், செயலில் இறங்கும்போது உடலும் மனமும் இருக்கும் நிலை. நான்கும் ஒரே அளவு வலிமை உடையவை அல்ல. முதலாவதே மற்ற மூன்றையும்விட உறுதியானது என்று அவர் கருதினார். பின்வந்த ஆய்வுகளும் பெரும்பாலும் அப்படியே காட்டின. ஆகவே அதில் சற்று அதிக நேரம் தங்குவோம்.

ஒரு மேசையருகே போய்ப் பார்க்கலாம். எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் 52இலிருந்து 27ஐக் கழித்து 35 என்று எழுதியிருக்கிறான். அடுத்த கணக்கில் 63இலிருந்து 48ஐக் கழித்து 25. அதற்கடுத்து 74இலிருந்து 39 போக 45. மூன்றுக்கும் தவறுக் குறி. ரப்பரால் அழித்து அழித்துத் தாள் மெலிந்து, ஓரிடத்தில் கிழிந்தே விட்டது. ‘இவனுக்குக் கழித்தல் மண்டையில் ஏறவில்லை’ என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. அதைக் கேட்கும் தூரத்தில்தான் அவனும் இருக்கிறான். ஆனால் மூன்று விடைகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புலப்படுகிறது. அவன் குருட்டாம்போக்கில் எதையும் எழுதவில்லை. பத்துகளை ஒவ்வொரு முறையும் சரியாகக் கழித்திருக்கிறான். ஒன்றுகளின் இடத்தில் மேலே சிறிய எண்ணும் கீழே பெரிய எண்ணும் இருக்கும்போது, பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துவிடுகிறான். 2இலிருந்து 7 போகாது, ஆகவே 7இலிருந்து 2. அவனிடம் ஒரு விதி இருக்கிறது; அதை அவன் பிசகாமல் பின்பற்றுகிறான். விதிதான் தவறு.

ஆசிரியர் இப்போது என்ன சொல்கிறார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. “பரவாயில்லை, நல்ல முயற்சி” என்றால் அது கனிவு. ஆனால் அதில் அவனுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. “பத்துகளை மூன்று கணக்கிலும் சரியாகக் கழித்திருக்கிறாய். இரண்டிலிருந்து ஏழு போகாதபோது நீ என்ன செய்தாய் என்று எனக்குச் சொல்லு” என்று கேட்டால், நிலைமையே மாறுகிறது. அவன் தன் விதியை வாய்விட்டுச் சொல்கிறான். ஐம்பத்திரண்டு தீக்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, ஒரு கட்டைப் பிரித்துக் காட்டியதும், கடன் வாங்குவது என்பதன் பொருள் அவன் கையிலேயே நிகழ்கிறது. நான்காவது கணக்கை அவன் தனியாகச் சரியாகப் போடும்போது அவனுக்குக் கிடைப்பது வெறும் ‘சரி’ என்ற குறி மட்டுமா? சற்று முன்வரை வராத ஒன்றைத் தான் என்ன செய்து வரவழைத்தோம் என்பது அவனுக்கே தெரிகிறது. அதை அவனிடமிருந்து யாராலும் எளிதில் பறிக்க முடியாது. பாராட்டை மறுக்கலாம், சந்தேகிக்கலாம். தானே போட்ட கணக்கை என்ன சொல்லி மறுப்பது?

வெற்றி எப்படிப்பட்டது என்பதும் முக்கியம். எளிய பயிற்சிகளை அடுக்கி எல்லாவற்றுக்கும் ‘சரி’ போட்டுக் கொடுத்தால் நம்பிக்கை வளராது. முதல் தடை வந்ததுமே சரிந்துவிடும். கைக்கு எட்டாத பணியைக் கொடுத்தால் தோல்வி மேல் தோல்வியாகச் சேரும். தற்போது தனியே செய்ய முடியாத, ஆனால் சிறிது உதவி கிடைத்தால் செய்யக்கூடிய பணியே ஏற்றது. டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் மூவரும் 1976இல், மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு மரக்கட்டைகளைப் பொருத்திப் பிரமிடு கட்டக் கற்றுத்தரும்போது என்ன நடக்கிறது என்று உன்னிப்பாகப் பார்த்து, அந்த உதவியைக் கட்டடத்துக்குக் கட்டும் சாரத்துக்கு ஒப்பிட்டார்கள். இந்த உவமையில் நாம் அடிக்கடி மறந்துபோகும் பாதி ஒன்று உண்டு. சுவர் எழ எழச் சாரம் அவிழ்க்கப்பட வேண்டும். அவிழ்க்காத சாரம், இந்தச் சுவர் தானாக நிற்காது என்று எல்லோருக்கும் அறிவித்துக்கொண்டே இருக்கும்.

இலக்கை எவ்வளவு தொலைவில் வைப்பது என்ற கேள்விக்கும் ஒரு நல்ல சோதனை இருக்கிறது. பண்டூராவும் டேல் ஷங்கும் 1981இல் வெளியிட்ட ஆய்வில், கழித்தலில் மிகவும் பின்தங்கிய, அதில் ஆர்வமும் இழந்திருந்த குழந்தைகளுக்குத் தாமே படித்துப் போடும்படியான 42 பக்கப் பயிற்சிகள் ஏழு அமர்வுகளில் தரப்பட்டன. ஒரு பிரிவினரிடம் ஒவ்வோர் அமர்விலும் ஆறு பக்கங்களாவது முடிக்கப் பார்க்கலாம் என்று சொல்லப்பட்டது. இன்னொரு பிரிவினரிடம் ஏழாவது அமர்வின் இறுதிக்குள் 42 பக்கங்களையும் முடிக்கலாம் என்று சொல்லப்பட்டது. கூட்டிப் பார்த்தால் வேலை ஒன்றேதான். ஆனால் அருகில் இலக்கு வைக்கப்பட்டவர்களே கணக்கிலும், தம் திறனைப் பற்றிய கணிப்பிலும், பிறகு தாமாக விரும்பிக் கணக்குப் போடும் ஆர்வத்திலும் முன்னே நின்றார்கள். தொலைவில் இருக்கும் இலக்கு, இதுவரை வந்த தூரத்தைக் காட்டாமல் இனிப் போக வேண்டிய தூரத்தையே காட்டிக்கொண்டிருக்கிறது.

இரண்டாவது ஊற்று பக்கத்தில் இருக்கும் பிள்ளை. ஆசிரியர் கரும்பலகையில் மளமளவென்று கணக்கைப் போட்டுக் காட்டுவதைப் பார்த்து, ‘அவரால் முடியும், அவர் ஆசிரியர்’ என்று குழந்தை நினைத்தால் அதில் பிழை ஒன்றுமில்லை. தன்னைப் போலவே தடுமாறும் ஒரு பிள்ளை, ‘இந்த இடம் எனக்குக் குழப்பமாக இருக்கிறது, மறுபடியும் பார்க்கிறேன்’ என்று சொல்லித் திருத்திக்கொண்டு முடிப்பதைப் பார்க்கும்போதுதான் ‘இவனால் முடிகிறது என்றால் என்னாலும் முடியும்’ என்ற ஊகத்துக்கு இடம் உண்டாகிறது. ஷங்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1980களில் நடத்திய ஆய்வுகளில், கணக்கில் தொடர்ந்து இடறிய குழந்தைகளுக்கு ஆசிரியரின் செய்முறையைவிடத் தம் வயதுப் பிள்ளையின் செய்முறையைக் காண்பது நம்பிக்கையைக் கூடுதலாக உயர்த்தியது. பின்னக் கணக்கில் நடந்த ஆய்வில், தடுமாறித் தேறும் பிள்ளையைப் பார்த்தது, பிழையின்றிச் செய்யும் பிள்ளையைப் பார்த்ததைவிடப் பயன் தந்தது. வகுப்பின் முதல் மாணவரையே எப்போதும் எழுப்பிக் கரும்பலகைக்கு அனுப்பும் வழக்கம் எவ்வளவு பெரிய வாய்ப்பைக் கைநழுவ விடுகிறது என்பதை இதிலிருந்து உணரலாம்.

மூன்றாவது சொல். இதில்தான் நல்லெண்ணம் படைத்த பள்ளிகளும் பெற்றோரும் அதிகம் இடறுகிறார்கள். ஆகையால் இதையும் விரிவாகவே பார்க்க வேண்டும்.

கிளாடியா முல்லரும் கரோல் டுவெக்கும் 1998இல் வெளியிட்ட ஆய்வுகளில் ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளுக்கு ஓரளவு எளிய புதிர்கள் கொடுக்கப்பட்டன. முடித்ததும் சிலரிடம், இவற்றை நன்றாகச் செய்திருக்கிறாய், நீ நல்ல புத்திசாலி என்ற பொருளில் சொல்லப்பட்டது. வேறு சிலரிடம், நன்றாக உழைத்திருக்கிறாய் என்ற பொருளில் சொல்லப்பட்டது. பிறகு எல்லோருக்கும் மிகக் கடினமான புதிர்கள் தரப்பட்டன, எல்லோரும் இடறினார்கள். அதற்குப் பின் முதலில் தந்த அளவுக்கே எளிய புதிர்களைக் கொடுத்தபோது, புத்திசாலி என்று பாராட்டப்பட்டவர்கள் முதல் முறையைவிடக் குறைவாகச் செய்தார்கள். உழைப்புக்காகப் பாராட்டப்பட்டவர்கள் கூடுதலாகச் செய்தார்கள். தாம் எத்தனை புதிர்களைப் போட்டோம் என்று முகம் தெரியாத இன்னொரு குழந்தைக்கு எழுதச் சொன்னபோது, புத்திசாலி என்று பாராட்டப்பட்டவர்களில் ஏறத்தாழ பத்துக்கு நால்வர் தம் மதிப்பெண்ணைக் கூட்டி எழுதினார்கள். இந்த இறுதிச் செய்திதான் என்னை மிகவும் உறுத்துகிறது. ஒரே ஒரு பாராட்டு வாக்கியம், பத்து வயதுக் குழந்தைகளைப் பொய் எழுதும் அளவுக்குத் தள்ளியிருக்கிறது. வெற்றி என்றால் புத்திசாலித்தனம் என்று சொல்லிக்கொடுத்துவிட்டால், தோல்விக்கு அவர்கள் வேறென்ன பெயர் வைப்பார்கள்?

இரக்கமும் இதேபோல் திரும்பித் தாக்கக்கூடியது. சாண்ட்ரா கிரஹாமின் ஆய்வுகள் இதைத் தெளிவாக்கின. தோற்ற மாணவரிடம் ஆசிரியர் பரிதாபம் காட்டினால், தனக்குத் திறமை இல்லை என்று ஆசிரியர் கருதுகிறார் என்றே மாணவர் அதைப் படித்துக்கொள்கிறார். முயலவில்லையே என்று சற்றுக் கடிந்துகொண்டால், தன்னால் முடியும் என்று ஆசிரியர் கருதுவதாகப் புரிந்துகொள்ளும் வாய்ப்பு இருக்கிறது. கேட்காமலே ஓடிவந்து உதவுவதும் அப்படித்தான். 1990இல் வெளியான ஓர் ஆய்வில், இரு மாணவர்களில் ஒருவருக்கு மட்டும் ஆசிரியர் கேட்காமலே உதவும் காட்சியைப் பார்த்த சிறு குழந்தைகளும், உதவி பெற்றவரே திறமை குறைந்தவர் என்று முடிவு செய்தார்கள். மிக எளிய வேலைக்குக் கிடைக்கும் அளவுகடந்த புகழுக்கும் இதே விளைவு உண்டு. குழந்தைகள் நம் சொற்களைக் கேட்பதோடு நிறுத்திக்கொள்வதில்லை. அந்தச் சொற்களுக்குப் பின்னால் நாம் அவர்களை எப்படிக் கணித்திருக்கிறோம் என்பதையும் வாசித்துவிடுகிறார்கள்.

இதனால் பிழைகளைச் சுட்டாமல் விட்டுவிட வேண்டும் என்று ஆகிவிடாது. ஜெஃப்ரி கோஹன், கிளாட் ஸ்டீல், லீ ராஸ் ஆகியோர் 1999இல் தொடங்கிவைத்து, டேவிட் யேகரும் பிறரும் 2014இல் அமெரிக்கப் பள்ளி மாணவர்களிடம் தொடர்ந்த ஆய்வுகள் ஒரு வழியைக் காட்டுகின்றன. மாணவர் எழுதிய கட்டுரையில் விரிவாகத் திருத்தங்கள் எழுதி, ‘உன்னிடம் நான் உயர்ந்த தரத்தை எதிர்பார்க்கிறேன், உன்னால் அதை எட்ட முடியும் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் இவ்வளவு எழுதியிருக்கிறேன்’ என்ற பொருளில் ஒரு துண்டுச் சீட்டு இணைக்கப்பட்டது. வேறு சில மாணவர்களுக்கு அதே திருத்தங்கள், பொதுவான ஒரு குறிப்புடன் மட்டும் தரப்பட்டன. முதல் வகைச் சீட்டைப் பெற்றவர்களில் கட்டுரையைத் திருத்தி எழுத முன்வந்தவர்கள் கூடுதல். பள்ளியின் மீதும் ஆசிரியர்கள் மீதும் நம்பிக்கை இழந்திருந்த கறுப்பின மாணவர்களிடம் அந்த வேறுபாடு மிகப் பெரிது. தரத்தைத் தாழ்த்தாத கண்டிப்பும், எட்ட முடியும் என்ற உறுதியும் ஒன்றாக வர வேண்டும். இரண்டில் ஒன்று மட்டும் வந்தால் ஒன்று மிரட்டல், இன்னொன்று வெறும் தேறுதல்.

ஆசிரியரின் எதிர்பார்ப்பு எப்படிக் குழந்தையை எட்டுகிறது என்பதைப் பற்றி 1968இல் ராபர்ட் ரோசந்தாலும் லெனோர் ஜேக்கப்சனும் வெளியிட்ட ஆய்வு பரவலாகப் பேசப்படுவது. ஒரு தொடக்கப் பள்ளியில் ஐந்தில் ஒரு பங்கு மாணவர்களைக் குலுக்கல் முறையில் எடுத்து, இவர்கள் விரைவில் முன்னேறப் போகிறவர்கள் என்று ஆசிரியர்களிடம் சொன்னதும், கீழ் வகுப்புகளில் அக்குழந்தைகளின் அறிவுத்திறன் தேர்வு மதிப்பெண்கள் மற்றவர்களைவிட உயர்ந்ததும் அதன் சாரம். அந்த ஆய்வின் முறைகளைப் பற்றிக் கடுமையான விமர்சனங்கள் எழுந்தன. பிற்கால ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், விளைவு உண்மைதான், ஆனால் பெரும்பாலும் சிறிது என்றார்கள். எனவே ஆசிரியர் நினைத்தால் எந்தக் குழந்தையும் மேதையாகிவிடும் என்ற மேடைப் பேச்சுக்கு அதைச் சான்றாகக் காட்டுவது சரியல்ல.

அதைவிட எனக்கு மதிப்புமிக்கதாகப் படுவது, கடிகாரத்தை வைத்துக்கொண்டு மேரி பட் ரோ செய்த வேலை. அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு ஆராய்ந்த அவர், கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் விடைக்காகக் காத்திருக்கும் நேரம் சராசரியாக ஏறத்தாழ ஒரு வினாடிதான் என்று 1970களின் தொடக்கத்தில் கண்டறிந்தார். அதற்குள் பதில் வராவிட்டால் கேள்வி திரும்பச் சொல்லப்படும், அல்லது வேறொருவரிடம் போய்விடும். ‘கெட்டிக்காரர்’ என்று ஆசிரியர் கருதிய மாணவருக்குக் கிடைத்த அவகாசத்தைவிட, ‘மந்தம்’ என்று கருதியவருக்குக் கிடைத்தது குறைவு. யோசிக்கக் கூடுதல் நேரம் தேவைப்படும் பிள்ளைக்கே குறைந்த நேரம்! அந்த இடைவெளியை மூன்று வினாடிக்கு மேல் நீட்டும்படி ஆசிரியர்களைப் பழக்கியபோது, விடைகள் நீண்டன. பதிலே வராத நேரங்கள் குறைந்தன. அதுவரை பேசாதவர்கள் பேசினார்கள். சொல்லும் விடையையே கேள்விபோல இழுத்து, ஆசிரியர் முகத்தைப் பார்த்துச் சொல்லும் தயக்கமும் குறைந்தது. பாதி உயர்ந்து, காதைச் சொறிவதுபோல் நடித்துவிட்டுக் கீழே இறங்கும் கையை வகுப்பறையில் பார்த்தவர்களுக்கு, இந்தச் சில வினாடிகளின் மதிப்பு புரியும். இதற்குப் பணமும் வேண்டாம், புதிய பாடநூலும் வேண்டாம். ஆனால் பாடத்தை முடிக்க வேண்டும் என்ற நெருக்கடியில் ஓடும் ஆசிரியருக்கு மூன்று வினாடி மௌனம் எவ்வளவு நீளமானது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

மதிப்பெண்ணைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். ரூத் பட்லர் இஸ்ரேலில் 5, 6ஆம் வகுப்பு மாணவர்களிடம் நடத்தி 1988இல் வெளியிட்ட ஆய்வில், விடைத்தாளில் மதிப்பெண் மட்டும் பெற்றவர்கள், கருத்துரை மட்டும் பெற்றவர்கள், இரண்டையும் பெற்றவர்கள் என்று மூன்று பிரிவுகள். கருத்துரை மட்டும் பெற்றவர்களிடமே ஆர்வமும் அடுத்த பணியின் தரமும் உயர்ந்து நின்றன. இரண்டையும் பெற்றவர்கள், மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே நடந்துகொண்டார்கள். எண்ணைப் பார்த்த கண் எழுத்தைப் பார்ப்பதில்லை. தேர்வையே ஒழித்துவிட முடியாத நிலையிலும், இடைப்பட்ட பயிற்சிகளிலாவது எண்ணைத் தள்ளிவைக்கலாம். தர வரிசையை வகுப்பில் உரக்கப் படிக்காமல் இருக்கலாம்.

நான்காவது ஊற்றான உடல், மன நிலையை நாம் சொகுசுபோல் கருதிவிடுகிறோம். பயந்திருக்கும் குழந்தையின் நெஞ்சு படபடக்கிறது, கை வியர்க்கிறது. அதையே தன் இயலாமைக்கு அடையாளமாக அது எடுத்துக்கொள்கிறது. அச்சம் நினைவின் வேலைமேசையில் இடத்தை அடைத்துக்கொள்வதால், கடன் வாங்கிய எண்ணை மனத்தில் வைத்திருக்க இடமில்லாமல் போகிறது. கணக்கு அச்சத்தைப் பற்றி மார்க் ஆஷ்கிராஃப்ட்டும் எலிசபெத் கிர்க்கும் 2001இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. தெரிந்த விடையும் அச்சத்தில் வராமல் போகும். வராமல் போனதே அடுத்த அச்சத்துக்குக் காரணமாகும்.

லண்டனின் ஹாக்னி பகுதியில் பணியாற்றிய கல்வி உளவியலாளர் மார்ஜோரி பாக்ஸால் 1969இல் தொடங்கிய வளர்ப்புக் குழுக்கள் இந்த இடத்தில் நினைவுகூரத் தக்கவை. வகுப்பில் ஒன்ற முடியாமல் ஒதுங்கியோ முரண்டு பிடித்தோ இருந்த குழந்தைகளை, வேறு பள்ளிக்கு அனுப்பிவிடாமல், அதே பள்ளிக்குள் ஒரு சிறு குழுவாகச் சேர்த்தார்கள். ஏறக்குறைய பத்துக் குழந்தைகளுக்கு இரண்டு பெரியவர்கள். வீட்டறைபோல் அமைந்த வகுப்பறை, மாறாத நேர ஒழுங்கு, எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து உண்ணும் சிற்றுணவு, இவற்றோடு பாடமும் உண்டு. குழந்தைகள் தம் வழக்கமான வகுப்போடு தொடர்பில் இருந்து, சில பருவங்களுக்குப் பின் அங்கேயே முழுமையாகத் திரும்பிச் செல்வது நோக்கம். மிகச் சிறு வயதில் பெரியவர்களை நம்பிப் பழகும் வாய்ப்பு வாய்க்காத குழந்தை, தன்னை நம்பிக் கற்கவும் சிரமப்படும் என்ற புரிதல் அதன் அடித்தளம். உதவி கேட்டால் அவமானம் நேராது என்ற உறுதி இருந்தால்தான் குழந்தை கடினமான ஒன்றில் கை வைக்கும். அந்த உறுதி இல்லாத இடத்தில் முன்சொன்ன எந்த உத்தியும் வேரூன்றாது.

இவை அனைத்துக்கும் எல்லை உண்டு. மூளையின் திறன் வளரக்கூடியது என்று கற்பிக்கும் குறுகிய இணையவழிப் பயிற்சி ஒன்று அமெரிக்காவில் 12,000க்கும் மேற்பட்ட ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் சோதிக்கப்பட்டு, முடிவுகள் 2019இல் வெளியாயின. பின்தங்கிய மாணவர்களின் சராசரி மதிப்பெண், நான்கு புள்ளி அளவுகோலில் 0.1 புள்ளி அளவுக்கு உயர்ந்தது. ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பயிற்சிக்கு அது குறிப்பிடத்தக்கதே. ஆனால் அற்புதம் அல்ல. அந்த ஆய்வின் வேறொரு பகுதிதான் பள்ளிகளுக்கு முக்கியம். கடினமான பணியை விரும்பி எடுப்பது சக மாணவர்களிடையே இயல்பாக இருந்த பள்ளிகளில் மதிப்பெண் உயர்வு தெளிவாகத் தெரிந்தது. அப்படி இல்லாத பள்ளிகளில் மங்கிப்போனது. சுவரில் ‘உன்னால் முடியும்’ என்று எழுதி ஒட்டிவிட்டு, தவறான விடைக்குச் சிரிக்கும் வகுப்பை அப்படியே விட்டுவைத்தால், குழந்தை சுவரை நம்புமா, சிரிப்பை நம்புமா?

பசி, வீட்டுச் சூழல், கவனிக்கப்படாத பார்வைக் குறைபாடு, கண்டறியப்படாத வாசிப்புக் குறைபாடு ஆகியவற்றை நம்பிக்கையின் பெயரால் மூடி மறைக்கவும் கூடாது. எழுத்துகள் கலங்கித் தெரியும் பிள்ளையிடம் ‘இன்னும் முயன்று பார்’ என்று சொல்லிக்கொண்டே இருப்பது கொடுமை. அங்கே வேண்டியது முதலில் பரிசோதனையும், பிறகு அதற்கேற்ற கற்பித்தலும். முயற்சி எல்லாவற்றையும் தீர்க்கும் என்ற பேச்சு, தீராத இடத்தில் பழியைக் குழந்தையின் தலையில் சுமத்திவிடுகிறது.

ஆசிரியரை மறந்துவிட்டு இதைப் பேசுவதும் நியாயமாகாது. தன் கற்பித்தலால் ஒரு மாற்றத்தை உண்டாக்க முடியும் என்ற நம்பிக்கை ஆசிரியருக்கும் தேவை. அதுவும் சான்றுகளால் சேர்வதே. அறுபது பேர் நெருக்கியடிக்கும் வகுப்பில், கல்வி அதிகாரியின் வருகைக்கும் தேர்ச்சி விகிதத்துக்கும் அஞ்சி நிற்கும் ஒருவருக்கு, மூன்று கணக்குகளையும் சேர்த்துப் பார்த்து அந்தச் சிறுவனின் விதியைக் கண்டுபிடிக்க எப்படி நேரம் கிடைக்கும்? தவறு செய்தால் தலைமையாசிரியர் எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொள்ளும் பள்ளியில், மாணவரின் தவறை ஆசிரியர் பொறுமையாக விசாரிப்பார் என்று எதிர்பார்க்கலாமா? குழந்தைகளை அரவணைக்கும் பள்ளி, ஆசிரியர்களையும் அப்படியே நடத்தும் பள்ளியாகத்தான் இருக்க முடியும்.

ஒரு வகுப்பில் இவையெல்லாம் வேலை செய்கின்றனவா என்பது மதிப்பெண்ணில் தெரிவதற்கு முன்பே வேறு இடங்களில் தெரிந்துவிடும். தாளைக் கையால் மறைத்துக்கொண்டு எழுதும் பிள்ளைகள் குறைவார்கள். ‘எனக்கு வராது’ என்பது ‘இந்த இடம் எனக்கு இன்னும் வரவில்லை’ என்று மாறும். வாக்கியத்தில் கூடியது ஒரு ‘இன்னும்’தான், ஆனால் அதோடு ‘இந்த இடம்’ என்று விரல் வைத்துக் காட்டவும் குழந்தைக்குத் தெரிந்திருக்கும். கழித்தலில் தடுமாறிய அந்தச் சிறுவன், ஒரு நாள் தவறாகப் போட்ட கணக்கை அழிக்காமல் அப்படியே எடுத்துக்கொண்டு ஆசிரியரின் மேசைக்கு வருவான், எங்கே பிசகியது என்று கேட்பதற்காக.